ஸ்வாப் வைப்பதா, விடுவதா: லினக்ஸில் மெமரி நெருக்கடிக்கு நான்கு ஏற்பாடுகள்

2 ஜிபி ரேம் கொண்ட ஒரு சர்வரை மாத வாடகைக்கு எடுத்து, அதில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸையும் ஒரு பைத்தான் செயலியையும் ஏற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். லினக்ஸ் நிறுவி முடித்த கையோடு வரும் கேள்வி, ஸ்வாப் (ரேம் நிறையும்போது அதிலுள்ளதை எடுத்து வைக்கும் மாற்று இடம்) வைப்பதா வேண்டாமா என்பது. இதற்கு ஆளுக்கொரு பதில் தயாராக இருக்கும். ரேம் போதுமானால் ஸ்வாப் எதற்கு என்பார் ஒருவர். ரேமைப் போல இரண்டு மடங்கு வை என்பார் இன்னொருவர். அது ரேமை மெகாபைட் கணக்கில் வாங்கிய காலத்துச் சூத்திரம். ஸ்வாப்பினஸை (லினக்ஸ் எவ்வளவு தாராளமாக ஸ்வாப்பைத் தொடலாம் என்று சொல்லும் எண்) 10 ஆக்கிவிடு, எல்லாம் சரியாகிவிடும் என்பார் மூன்றாமவர். மூன்றுமே பாதிதான் சரி.

கையில் இருக்கும் வழிகள் நான்கு: ஸ்வாப்பே இல்லாமல் விடுவது, டிஸ்கில் ஸ்வாப் வைப்பது, டிஸ்க் ஸ்வாப்புக்கு முன்னால் பக்கங்களைச் சுருக்கி வைக்கும் இசட்ஸ்வாப்பை வைப்பது, டிஸ்கே இல்லாமல் ரேமுக்குள்ளேயே சுருக்கி வைக்கும் இசட்ரேமை வைத்துக்கொள்வது. இதோடு ஒட்டிக்கொண்டே இன்னொரு முடிவும் வருகிறது. எல்லாம் கைமீறும்போது எந்தச் செயலியைக் கொல்வது, அதை யார் செய்வது? என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஸ்வாப் இல்லாமல் விடுவது பெரும்பாலானவர்களுக்குத் தவறான தேர்வு. மற்ற மூன்றில் எது என்பதை உங்கள் டிஸ்கும் உங்கள் வேலையும் முடிவுசெய்யும்.

கர்னல் எதைப் பிடுங்குகிறது

சாதாரண இன்டெல், ஏஎம்டி எந்திரங்களில் லினக்ஸின் மையமான கர்னல் ரேமை 4 கேபி பக்கங்களாகக் கையாள்கிறது. நெருக்கடி வந்தால் அது திரும்ப எடுத்துக்கொள்ளக்கூடிய பக்கங்கள் இரண்டு சாதி. ஒன்று, கோப்புப் பக்கங்கள். டிஸ்கில் ஏற்கனவே இருக்கும் கோப்பின் நகல்கள் இவை. மாற்றம் எதுவும் செய்யப்படாத பக்கமானால் எறிந்துவிடலாம், வேண்டும்போது டிஸ்கிலிருந்து மறுபடி படித்துக்கொள்ளலாம். இன்னொன்று அனானிமஸ் பக்கங்கள். செயலிகள் ஓடும்போது கேட்டு வாங்கியவை. பைத்தானின் பட்டியல்கள், ஜாவாவின் ஹீப், பிரவுசர் டேப்பின் உள்ளடக்கம் எல்லாம் இதில் வரும். இவற்றுக்கு டிஸ்கில் நகல் கிடையாது. எறிந்தால் போனது போனதுதான். எங்காவது எழுதி வைத்த பிறகே பிடுங்க முடியும். அந்த 'எங்காவது'க்குப் பெயர்தான் ஸ்வாப்.

கர்னல் காலி மெமரிக்கு மூன்று கோடுகள் வைத்திருக்கிறது: மின், லோ, ஹை. காலி இடம் லோ கோட்டுக்குக் கீழே இறங்கினால் கேஸ்வாப்டி என்ற பின்னணி இழை விழித்துக்கொண்டு, ஹை கோட்டை எட்டும்வரை பக்கங்களைச் சேகரிக்கும். இது நடப்பது உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. கேட்கும் வேகம் கேஸ்வாப்டியின் வேகத்தை மிஞ்சி, மின் கோட்டையும் தாண்டிவிட்டால் கதை மாறுகிறது. மெமரி கேட்ட செயலியையே நிறுத்தி, 'நீயே தேடி எடுத்துக்கொள்' என்று கர்னல் வேலை வாங்கும். இதை டைரக்ட் ரிக்ளைம் என்கிறார்கள். ஒரு வலைக் கோரிக்கைக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்த இழை, நடுவில் பக்கங்களைத் துழாவப் போய்விடும். சராசரி நேரம் நன்றாக இருக்க, நூற்றில் ஒரு கோரிக்கை மட்டும் காரணமில்லாமல் இரண்டு வினாடி இழுப்பதைப் பார்த்திருந்தால், இது ஒரு முக்கியச் சந்தேக நபர்.

இந்தக் கோடுகளுக்கு இடையிலான தூரத்தை வாட்டர்மார்க் ஸ்கேல் ஃபேக்டர் என்ற அமைப்பு தீர்மானிக்கிறது. இயல்பு மதிப்பு 10, அதாவது ரேமில் 0.1 சதவீதம். 8 ஜிபி எந்திரத்தில் வெறும் 8 எம்பி. திடீரென்று மெமரி கேட்கும் வேலைகள் இருந்தால் இதை 100க்கு உயர்த்தினால் கேஸ்வாப்டி முன்கூட்டியே எழுந்துகொள்ளும். செலவு சில பத்து எம்பி. ஸ்வாப்பினஸ் பற்றிப் பேசும் கூட்டத்தில் பாதிப்பேர் இதைப் பற்றிப் பேசினால் நன்றாக இருக்கும்.

ஸ்வாப் இல்லாமல் விட்டால்

இதை விரும்புகிறவர்களின் வாதம் எளிமையானது. ஸ்வாப் இருந்தால் நெருக்கடியில் எந்திரம் ஊர்ந்து ஊர்ந்து சாகும். இல்லையென்றால், மெமரி தீரும்போது செயலியைக் கொல்லும் கர்னல் பகுதியான ஓஓஎம் கில்லர் சட்டென்று வந்து ஒரு செயலியைக் கொன்றுவிட்டுப் போகும், சர்வர் பிழைக்கும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நடப்பது அப்படி இல்லை.

ஸ்வாப் இல்லாத எந்திரத்தில் அனானிமஸ் பக்கங்கள் அத்தனையும் ரேமில் ஆணி அடித்ததுபோல் நின்றுவிடும். தொடங்கும்போது ஒருமுறை ஏற்றி, பிறகு தொடவே தொடாத பைத்தான் மாட்யூல்களும் அதில் அடக்கம். கர்னல் பிடுங்கக் கிடைப்பது கோப்புப் பக்கங்கள் மட்டும். முதலில் டேட்டாபேஸ் கோப்புகளின் கேச் (வேகத்துக்காக ரேமில் வைத்த நகல்) போகும். பிறகு? ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் நிரல்வரிகள், சி நூலகம், எஸ்எஸ்ஹெச் சர்வர் எல்லாமே கோப்புப் பக்கங்கள்தான். அவற்றையும் கர்னல் எறியும். எறிந்த அடுத்த கணமே அந்த நிரல் தன் அடுத்த கட்டளையை நிறைவேற்ற அதே பக்கத்தைக் கேட்கும். டிஸ்கிலிருந்து படிக்கும். அதற்கு இடம் வேண்டி இன்னொரு நிரலின் நிரல்வரிகள் எறியப்படும்.

அந்த நேரத்தில் மெமரி, டிஸ்க் நடமாட்டத்தைக் காட்டும் விஎம்ஸ்டாட் கட்டளையை ஒரு வினாடி இடைவெளியில் ஓடவிட்டுப் பாருங்கள், அதாவது அதை ஓட்டுமளவுக்கு எந்திரத்தில் உயிர் இருந்தால். எஸ்ஐ, எஸ்ஓ என்ற ஸ்வாப் பத்திகள் இரண்டும் பூஜ்யம். ஸ்வாப்பே இல்லையே. ஆனால் டிஸ்கிலிருந்து படித்ததைக் காட்டும் பிஐ பத்தி எகிறி நிற்கும். காத்திருக்கும் செயலிகளைக் காட்டும் பி பத்தி இரட்டை இலக்கத்துக்குப் போகும். சிபியு யூசர் நேரம் ஒன்றோ இரண்டோ சதவீதம், டிஸ்குக்காகக் காத்திருந்த நேரத்தைக் காட்டும் டபிள்யூஏ பத்தி 90ஐ ஒட்டி. எழுதுவது எதுவுமே இல்லாமல், படிப்பதிலேயே டிஸ்க் மூச்சுத்திணறும். ஸ்வாப்பை அணைத்துவிட்டோம், ஆனால் ஸ்வாப்பால் வரும் என்று பயந்த அதே உறைநிலை வந்துவிட்டது.

ஓஓஎம் கில்லர் ஏன் வருவதில்லை? பிடுங்கும் முயற்சியில் ஏதாவது முன்னேற்றம் தெரியும்வரை கர்னல் மறுபடி மறுபடி முயலும். தொடர்ந்து 16 சுற்று ஒன்றுமே தேறாமல் போனால்தான் கையை விரிக்கும். இங்கே ஒவ்வொரு சுற்றிலும் நாலு நிரல்வரிப் பக்கங்கள் தேறுகின்றன. அதே பக்கங்கள் மறுகணமே திரும்ப வருகின்றன என்பதை இந்தக் கணக்கு பொருட்படுத்துவதில்லை. தாளில் முன்னேற்றம், நேரில் முடக்கம். கிளவுட் டிஸ்கில் இது இன்னும் மோசம். அமேசானின் ஜிபி3 வட்டுக்கு அடிப்படை வரம்பு வினாடிக்கு 3000 ஐஓ (படிக்கும், எழுதும் தடவைகள்). ஒரு தடவைக்கு ஒரே ஒரு 4 கேபி பக்கம் என்று சிதறலாகப் படித்தால் வினாடிக்கு 12 எம்பிதான் தேறும்.

சரி, ஸ்வாப் இல்லாமல் இருப்பதற்கு நியாயமே இல்லையா? உண்டு. ஒவ்வொரு செயலிக்கும் சிகுரூப் (செயலிகளைக் குழுவாக்கி மெமரி வரம்பு போடும் கர்னல் வசதி) மூலம் கறாரான வரம்பு வைத்து, வரம்புகளின் மொத்தம் ரேமைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளும் இடங்களில் அது ஓடும். பல எந்திரங்களில் செயலிகளைப் பகிர்ந்து ஓட்டும் மென்பொருளான குபெர்னெட்டீஸ் நெடுநாள் ஸ்வாப் உள்ள எந்திரத்தில் கிளம்பவே மறுத்ததற்குப் பின்னால் இந்தச் சிந்தனைதான் இருந்தது. அப்படிக் கணக்குப் பார்க்காமல், ரேம் நிறைய இருக்கிறதே என்று மட்டும் ஸ்வாப்பை விட்டவர்களுக்கு இந்தச் சலுகை பொருந்தாது.

டிஸ்க் ஸ்வாப்

இது பழைய வழி, இன்னும் கெட்டுப்போகவில்லை. இதன் லாபம் நெருக்கடி நேரத்தைவிடச் சாதாரண நேரத்தில்தான் அதிகம். தொடப்படாமல் கிடக்கும் அனானிமஸ் பக்கங்களை மெதுவாக வெளியே தள்ளி, அந்த இடத்தை டேட்டாபேஸ் கேச்சுக்குக் கொடுக்கிறது. ஃப்ரீ கட்டளை 300 எம்பி ஸ்வாப் பயன்பாட்டில் இருப்பதாகக் காட்டினால் பலர் பதறுகிறார்கள். பதற ஒன்றுமில்லை. எஸ்ஐ, எஸ்ஓ பத்திகள் அமைதியாக இருந்தால் அந்த 300 எம்பி யாருக்கும் வேண்டாத சரக்கு. இரண்டு பத்திகளும் சேர்ந்து விடாமல் ஓடினால்தான் கவலை.

ஸ்வாப்பினஸைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். இயல்பு 60 என்றால் ரேம் 60 சதவீதம் நிரம்பியதும் ஸ்வாப் தொடங்கும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. அது சதவீதமே இல்லை. ஒரு அனானிமஸ் பக்கத்தைத் திரும்பக் கொண்டுவருவதற்கும் ஒரு கோப்புப் பக்கத்தைத் திரும்பப் படிப்பதற்கும் ஆகும் செலவின் ஒப்பீட்டை நீங்கள் கர்னலுக்குச் சொல்லும் எண் அது. 100 என்றால் இரண்டும் சமம். 60 என்றால் ஸ்வாப் கொஞ்சம் செலவு கூடியது என்று பொருள். 2020இல் வந்த 5.8 கர்னலிலிருந்து இது 200 வரை போகும், ஏனென்றால் ஸ்வாப் டிஸ்கைவிட வேகமாக இருக்கும் எந்திரங்கள் வந்துவிட்டன. கர்னல் ஆவணமே ஒரு கணக்கு தருகிறது: ஸ்வாப் சாதனம் கோப்பு முறைமையைவிட இரண்டு மடங்கு வேகமென்றால் 133 வையுங்கள். சுழலும் டிஸ்கில் 10 வைக்கச் சொன்ன பழைய அறிவுரையை இசட்ரேம் உள்ள லேப்டாப்பில் அப்படியே ஒட்டினால், வேகமான வழியை மூடிவிட்டு மெதுவான வழியில் கூட்டத்தை அனுப்புகிறீர்கள்.

டிஸ்க் ஸ்வாப்பின் குறை வெளிப்படை. நெருக்கடியில் அது மெதுவாக இருக்கும், கிளவுடில் டேட்டாபேஸின் எழுத்துப் பதிவோடு அதே ஐஓ வரம்பைப் பங்குபோடும். எஸ்டி கார்டில் ஓடும் ராஸ்பெர்ரி பையில் கார்டையும் தேய்க்கும். மறுபக்கம், லேப்டாப்பை ஹைபர்னேட் செய்ய (ரேமில் உள்ளதை டிஸ்கில் எழுதிவிட்டு அணைக்க) வேண்டுமானால் வேறு வழியே இல்லை, டிஸ்க் ஸ்வாப் வேண்டும்.

இசட்ரேமா, இசட்ஸ்வாப்பா

பெயர் ஒத்துப்போவதால் இரண்டையும் ஒன்றென்று நினைப்பவர்கள் அதிகம். இரண்டுமே பக்கங்களைச் சுருக்கி ரேமுக்குள் வைக்கின்றன. எல்இசட்4 போன்ற முறையில் ஒரு 4 கேபி பக்கத்தை விரிக்கச் சில மைக்ரோவினாடி போதும். நல்ல எஸ்எஸ்டியே அதற்குப் பத்து மடங்குக்கு மேல் எடுத்துக்கொள்ளும், சுழலும் டிஸ்க்கோ ஆயிரம் மடங்கை எட்டும். ரேமுக்குள் சுருக்குவது லினக்ஸின் தனிச் சொத்தும் இல்லை. ஆப்பிள் 2013இல் மேவரிக்ஸ் பதிப்பிலேயே கொண்டுவந்தது, விண்டோஸ் 10 அதை 2015இல் செய்தது, உங்கள் கையிலிருக்கும் ஆண்ட்ராய்டு போனில் பெரும்பாலும் இசட்ரேம்தான் ஓடுகிறது.

வேறுபாடு அமைப்பில். இசட்ரேம், 2014இல் 3.14 கர்னலில் முழுதாகச் சேர்ந்தது, தானே ஒரு ஸ்வாப் சாதனம். டிஸ்க் தேவையில்லை. ஃபெடோரா 33 பதிப்பிலிருந்து, அதாவது 2020 முதல், இதை இயல்பாகவே வைத்திருக்கிறது. இசட்ஸ்வாப் அதற்கு முந்தைய ஆண்டு 3.11 கர்னலில் வந்தது. அது சாதனம் இல்லை. டிஸ்க் ஸ்வாப்புக்குப் போகும் பக்கங்களை வாசலில் மறித்துச் சுருக்கி வைத்துக்கொள்ளும் கேச். இயல்பாக ரேமில் 20 சதவீதம்வரை எடுத்துக்கொள்ளும். நிரம்பினால் பழைய பக்கங்களை விரித்து டிஸ்கில் எழுதிவிட்டுப் புதியதை உள்ளே வாங்கும்.

இசட்ரேமின் கணக்கை ஒரு எடுத்துக்காட்டோடு பார்க்கலாம். 2 ஜிபி சர்வரில் 2 ஜிபி அளவுக்கு இசட்ரேம் வைக்கிறீர்கள். அந்த 2 ஜிபி உடனே செலவாவதில்லை. அது சுருக்குவதற்கு முந்தைய அளவின் உச்சவரம்பு மட்டுமே. 1 ஜிபி பக்கங்கள் உள்ளே போய் மூன்றில் ஒன்றாகச் சுருங்கினால், 340 எம்பி சொச்சம் செலவு, 680 எம்பி சொச்சம் மிச்சம். பூஜ்யம் மட்டுமே நிரம்பிய பக்கங்களுக்கு இடமே ஆகாது. வலைச் செயலிகளின் தரவு, சொற்கள், பாயின்டர்கள் எல்லாம் இப்படி நன்றாகச் சுருங்கும். ஏற்கனவே சுருங்கிய படங்களும் என்கிரிப்ட் செய்த தரவும் சுருங்காது. அங்கே மிச்சமும் இல்லை, சிபியு வேறு வீண். இசட்ரேம்கன்ட்ரோல் கட்டளையில் டேட்டா (சுருக்கும் முன் அளவு), காம்ப்ர் (சுருக்கிய அளவு), டோட்டல் (மொத்த ரேம் செலவு) என்று மூன்று பத்திகள் வரும். முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் உள்ள விகிதம் இரண்டுக்குக் கீழே கிடந்தால், உங்கள் வேலைக்கு இசட்ரேம் அவ்வளவாக ஒத்துவரவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இங்கேதான் நிறையப்பேர் சறுக்குகிறார்கள்: இசட்ரேமையும் வைத்து, நிரம்பினால் இருக்கட்டும் என்று குறைந்த முன்னுரிமையில் டிஸ்க் ஸ்வாப்பையும் சேர்த்து வைப்பது. கேட்க நல்ல யோசனை. ஆனால் முதலில் வெளியேறுவது தொடப்படாத பக்கங்கள். அவை வேகமான இசட்ரேமை நிரப்பிவிட்டு அங்கேயே தூங்கும். பிறகு வரும், அடிக்கடி தேவைப்படும் பக்கங்களுக்கு மெதுவான டிஸ்க்தான் கிடைக்கும். பண்டிகைக்கு மட்டும் எடுக்கும் அண்டாவை அடுப்பங்கரை அலமாரியில் வைத்துவிட்டு, அன்றாடம் புழங்கும் பாத்திரத்தைப் பரணில் ஏற்றுகிற வேலை இது. இசட்ரேமிலிருந்து பழைய பக்கங்களை டிஸ்குக்குத் தள்ளும் வசதி உண்டு என்றாலும், அதற்குத் தனிப் பகிர்வும், எப்போது தள்ளுவது என்று வெளியிலிருந்து சொல்லும் ஏற்பாடும் வேண்டும். இசட்ஸ்வாப் இந்த வரிசையைத் தானே சரியாகப் பார்த்துக்கொள்கிறது. ஆகவே டிஸ்க் ஸ்வாப் எப்படியும் வேண்டும் என்றால் இசட்ஸ்வாப், டிஸ்க் ஸ்வாப்பே வேண்டாம் என்றால் இசட்ரேம். இரண்டையும் கலக்காதீர்கள். ஆர்ச் போன்ற சில லினக்ஸ்களில் இசட்ஸ்வாப் இயல்பாகவே இயங்கும் என்பதால், இசட்ரேம் வைக்கும்போது அதை அணைக்க வேண்டும். இல்லையென்றால் இசட்ரேமுக்குப் போகவேண்டிய பக்கங்களை அது வழியிலேயே மறித்துக்கொள்ளும்.

இசட்ரேம் வைத்தால் இன்னும் இரண்டு திருகாணி. ஸ்வாப்பினஸை 150, 180 என்று தாராளமாக ஏற்றுங்கள். பேஜ் கிளஸ்டர் என்ற அமைப்பு இயல்பாக 3, அதாவது ஒரு பக்கம் கேட்டால் எட்டாகச் சேர்த்து இழுக்கும். சுழலும் டிஸ்குக்கு அது புத்திசாலித்தனம். இசட்ரேமில் கேட்காத ஏழு பக்கங்களை வீணாக விரிக்கும் வேலை. 0 ஆக்கிவிடுங்கள்.

யாரைக் கொல்வது

எந்த ஏற்பாடும் ஒரு கட்டத்தில் நிரம்பும். மெமரி கசியும் ஒரு செயலிக்கு 2 ஜிபி இசட்ரேம் கொடுத்தால் அது கூடுதலாகச் சில நிமிடம் வாழும், அவ்வளவுதான். கர்னலின் ஓஓஎம் கில்லர் ஒவ்வொரு செயலியும் ரேமிலும் ஸ்வாப்பிலும் வைத்திருப்பதைக் கூட்டி, அதிகம் தின்பதைக் கொல்லும். நம் 2 ஜிபி சர்வரில் அதிகம் தின்பது பெரும்பாலும் எது? போஸ்ட்கிரெஸ். கசிந்தது பைத்தான், செத்தது டேட்டாபேஸ். அதன் ஒரே ஒரு துணைச் செயலியைக் கொன்றாலும், பகிர்ந்த மெமரி கெட்டிருக்கலாம் என்ற சந்தேகத்தில் மற்ற எல்லா இணைப்புகளையும் துண்டித்துவிட்டு, பதிவுகளை மறுபடி ஓட்டி மீளத் தொடங்கும். அதனால் தலைமைச் செயலிக்கு ஓஓஎம் ஸ்கோர் அட்ஜஸ்ட்டை மைனஸ் 1000 (அதாவது இதைக் கொல்லாதே) வைக்கச் சொல்கிறது போஸ்ட்கிரெஸ் ஆவணம்.

அதே ஆவணம் ஓவர்கமிட்டை (இருப்பதைவிட அதிக மெமரியைக் கர்னல் வாக்களிக்கலாமா என்று சொல்லும் அமைப்பு) 2 ஆக்கவும் பரிந்துரைக்கிறது. அப்போது கர்னல் கொடுக்க முடியாததை வாக்களிக்காது, கேட்கும்போதே இல்லை என்று சொல்லிவிடும். இங்கே ஸ்வாப்புக்கு ஒரு எதிர்பாராத வேலை இருக்கிறது. வாக்களிக்கும் மொத்த வரம்பு, ஸ்வாப்போடு ரேமில் 50 சதவீதம் என்பது இயல்பு. ஸ்வாப் இல்லாத 2 ஜிபி எந்திரத்தில் 2 வைத்தால் வரம்பு 1 ஜிபி ஆகிவிடும், பாதி ரேம் காலியாக இருக்கும்போதே செயலிகள் மெமரி கிடைக்கவில்லை என்று விழும். அதே எந்திரத்தில் ரேமிலேயே தரவை வைத்திருக்கும் ரெடிஸ் என்ற டேட்டாபேஸும் ஓடினால் சிக்கல் கூடும். பின்னணியில் சேமிக்க அது தன்னையே பிரதியெடுத்துக்கொள்வதால் அதன் ஆவணம் 1, அதாவது கேட்டதையெல்லாம் வாக்களி என்று வைக்கச் சொல்கிறது. இரண்டையும் ஒரே சிறிய சர்வரில் வைத்தால் ஏதாவது ஒன்றின் பேச்சைக் கேட்காமல்தான் இருக்க வேண்டும். நான் ஓவர்கமிட்டைத் தொடாமல் விட்டு, சிகுரூப் பக்கம் போவேன்.

கர்னல் வரும்வரை காத்திராமல் முன்கூட்டியே கொல்லும் சேவகர்களும் உண்டு. எர்லிஓஓஎம் எளியது. கிடைக்கும் மெமரியும் காலி ஸ்வாப்பும் இரண்டுமே 10 சதவீதத்துக்குக் கீழே போனால் ஒரு செயலியை மரியாதையாக வெளியேறச் சொல்லும், 5க்குக் கீழே போனால் நேராகக் கொல்லும். சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் ஊம்டி கொஞ்சம் படித்த ஆள். 2018 இறுதியில் 4.20 கர்னலில் வந்த பிஎஸ்ஐ அளவைப் பார்த்து நடக்கும். மெமரி எவ்வளவு மிச்சம் என்று பிஎஸ்ஐ சொல்வதில்லை; மெமரிக்காகக் காத்திருந்து எவ்வளவு நேரம் வீணானது என்று சொல்கிறது. நமக்கு வலிப்பது அந்த நேரம்தானே. ஒரு சிகுரூப்பில் வீணாகும் நேரம் 60 சதவீதத்தைத் தாண்டி 30 வினாடி நீடித்தால் அங்கே கைவைப்பது ஊம்டியின் இயல்பு அமைப்பு. அப்புறம், அது கொல்லும் அலகு செயலி கிடையாது, முழு சிகுரூப். சர்வரில் இது நல்லது, ஒரு சேவை முழுதாகச் செத்து முழுதாக எழும். மேசைக் கணினியில் ஒரு டேப் கசிந்ததற்கு மொத்த பிரவுசரும் மறைந்துபோகலாம். உபுண்டு 22.04இல் இது இயல்பாக வந்தபோது எழுந்த புகார்கள் இந்த ரகம்தான்.

லேப்டாப்புக்கு இன்னொரு வழி கர்னலுக்குள்ளேயே இருக்கிறது. எந்தப் பக்கத்தைப் பிடுங்குவது என்று தேர்ந்தெடுக்கும், கூகுளில் எழுதப்பட்ட எம்ஜிஎல்ஆர்யு முறை, 2022 டிசம்பரில் 6.1 கர்னலோடு வந்தது. பழைய முறை பக்கங்களை ஆக்டிவ், இன்ஆக்டிவ் என்று இரண்டே பட்டியலில் போட்டு வைத்தது. இது தலைமுறைகளாகப் பிரித்து, எது கடைசியாக எப்போது தொடப்பட்டது என்பதை இன்னும் நெருக்கமாக அறிகிறது. அதில் மின் டிடிஎல் என்று ஓர் எண் உண்டு, மில்லிவினாடியில். 1000 வைத்தால், கடந்த ஒரு வினாடிக்குள் புழங்கிய பக்கங்களைப் பிடுங்கக் கூடாது என்று பொருள். அப்படிப் பிடுங்காமல் சமாளிக்க முடியாவிட்டால் உடனே ஓஓஎம் கில்லரைக் கூப்பிடும். மேலே சொன்ன, நிரல்வரிப் பக்கங்களைப் பிடுங்கிப் பிடுங்கித் திரும்பப் படிக்கும் முடக்கத்துக்கு இதுதான் நேரடி மருந்து. இயல்பு மதிப்பு 0, அதாவது அணைந்திருக்கிறது. வைக்காமல் விடுபவர்கள்தான் அதிகம்.

எந்த எந்திரத்துக்கு எது

8 ஜிபி லேப்டாப், பிரவுசரும் எடிட்டரும் வேலை என்றால் யோசிக்கவே வேண்டாம். ரேம் அளவுக்கே இசட்ரேம், ஸ்வாப்பினஸ் 180, மின் டிடிஎல் 1000. ஹைபர்னேட் கட்டாயம் என்றால் மட்டும் டிஸ்க் ஸ்வாப்போடு இசட்ஸ்வாப். ராஸ்பெர்ரி பைக்கும் இசட்ரேம்தான்.

நாம் தொடங்கிய 2 ஜிபி சர்வருக்கு நான் வைப்பது 2 ஜிபி ஸ்வாப் கோப்பும் அதற்கு முன்னால் இசட்ஸ்வாப்பும். தொடாத பக்கங்கள் கடைசியில் டிஸ்குக்கே போய்விடுவதால் ரேமில் முழு இடமும் புழங்கும் வேலைக்குக் கிடைக்கும். இசட்ரேமில் அவை சுருங்கியாவது ரேமில்தான் குந்தியிருக்கும். அதோடு சிஸ்டம்டி கோப்பில் சில வரிகள். பிடிஎஃப் தயாரிக்கும், படம் குறுக்கும் பின்னணி வேலைக்கு மெமரிஹை 400 எம்பி, மெமரிமேக்ஸ் 600 எம்பி. ஹை கோட்டைத் தாண்டினால் கர்னல் அந்தச் சேவையை மட்டும் மெதுவாக்கி அதன் பக்கங்களைப் பிடுங்கும். மேக்ஸைத் தாண்டினால் அந்தச் சேவைக்குள்ளேயே ஆளைத் தேடிக் கொல்லும், டேட்டாபேஸ் பக்கம் வராது. போஸ்ட்கிரெஸுக்கு மெமரிலோ 700 எம்பி. பிடுங்க வேறு இடம் இருக்கும்வரை அதன் பங்கைத் தொடாதே என்று பொருள். ஸ்வாப் எந்த வகை என்று தேர்ந்தெடுப்பதைவிட இந்த மூன்று வரிகள் செய்யும் வேலை பெரிது.

64 ஜிபி, 128 ஜிபி என்று டேட்டாபேஸுக்கே ஒதுக்கிய எந்திரம் வேறு ரகம். அங்கே தாமதம் உயிர்போகிற விஷயம், ரேமோ கணக்குப் பார்த்துத்தான் வாங்கப்பட்டிருக்கும். 2 அல்லது 4 ஜிபி டிஸ்க் ஸ்வாப், ஸ்வாப்பினஸ் 10 அல்லது 1. பழைய அறிவுரை சரியாகப் பொருந்தும் இடம் இது. 0 வைக்காதீர்கள், 3.5 கர்னலிலிருந்து 0 என்றால் காலி இடமும் கோப்புப் பக்கங்களும் தீர்ந்துபோகும்வரை ஸ்வாப்பைத் தொடவே தொடாது, ஸ்வாப் இல்லாத எந்திரத்தின் கதையே திரும்பும். வாட்டர்மார்க் ஸ்கேல் ஃபேக்டரை உயர்த்தவும் இங்கே மறக்க வேண்டாம். சுருக்கும் வேலைக்கு இங்கே நான் போகமாட்டேன், டேட்டாபேஸ் பகிர் மெமரியின் பக்கங்கள் சூடானவை, சுருக்கி விரிப்பதில் சிபியு போவதே மிச்சம்.

குபெர்னெட்டீஸ் நோடுகளில் (அது ஆளும் எந்திரங்களில்) முடிவு உங்கள் கையில் மட்டும் இல்லை. 2021இல் 1.22 பதிப்பில் ஸ்வாப் ஆதரவு சோதனையாக நுழைந்து, 1.28இல் பீட்டா ஆனது. கிளஸ்டரை நிர்வகிப்பவர் அதைத் திறந்திருக்கிறாரா, எந்த வகைப் பாட்களுக்கு (குபெர்னெட்டீஸ் ஓட்டும் செயலித் தொகுதிகளுக்கு) அனுமதித்திருக்கிறார் என்று முதலில் கேளுங்கள். திறக்கவில்லை என்றால், பாட்களின் மெமரி ரிக்வஸ்டையும் (கேட்கும் அளவு) லிமிட்டையும் (உச்சவரம்பு) சமமாக வைப்பதுதான் உங்களால் செய்யக்கூடிய ஒரே தற்காப்பு. எதை மாற்றினாலும், மாற்றும் முன்னும் பின்னும் ஒரு வாரம் ப்ராக் அடைவில் பிரஷர் என்பதற்குள் இருக்கும் மெமரி கோப்பைப் பதிந்து வையுங்கள். அதில் ஃபுல் என்று தொடங்கும் வரியில் ஏவிஜி60 எண்ணைப் பாருங்கள். அது பரபரப்பான நேரத்திலும் பூஜ்யத்தை ஒட்டியே இருந்தால், இருக்கிற ஏற்பாட்டை மாற்றவே வேண்டாம்.